ஏறி நிற்க மட்டும்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? மருந்துக் கட்டை நீயே மாற்றிக்கொள்கிறாயா, பக்கத்து வீட்டு அக்கா வந்து மாற்றுகிறாரா?

விடுதி, நான் வேலைக்குச் சேர்ந்த துணிக்கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரில் சித்தி. ஆமாம் அம்மா, நம் சித்திதான். போன தேர்தலில் ஒட்டிய போஸ்டர். மழையில் ஒரு கன்னம் உரிந்துபோய், மீதி முகத்தால் சிரிக்கிறார். 'நம் வார்டில் ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்கக் கூடாது' என்று கீழே எழுதியிருக்கிறது. இத்தனை பெரிய ஊரில் எனக்கு வேலை கிடைத்த கடை, சித்தி கவுன்சிலராக இருக்கும் வார்டிலேயே வந்து அமைந்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன். அதுதான் எனக்குப் பிறவிப் பழக்கம் ஆயிற்றே.

திரைச்சீலை, படுக்கை விரிப்புப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும் வரை நிற்க வேண்டும். ஆளே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது. மேற்பார்வையாளருக்குக் 'கழுகு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேல் தட்டுத் துணியை எடுக்க ஒரு ஸ்டூல் உண்டு. முதல் நாள் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, அது ஏறி நிக்க மட்டும்தான். நீ உட்கார்ந்திருந்தா வர்றவங்களுக்கு என்ன மரியாதை?" என்றார்.

அடுத்த கவுண்டரில் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயரே 'சிரிப்பு' என்றாகிவிட்டது. "ஸ்டூலுக்கே நாலு கால் குடுத்திருக்காங்க. நமக்கு ரெண்டுதான், பார்த்துக்கோ" என்று காதில் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சித்திக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கால் இப்படி ஆகி நான் படிப்பை விட்டது தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவார், வேண்டாம் என்றாய். நீ சொன்னபடியே எழுதிவிட்டேன். நம் ஊரிலேயே தபாலில் சேர்த்துவிடு. இங்கிருந்து போட்டால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும்.

கட்டை நனைய விடாதே.

உன் மகள்

---

ஜூன் 9
(அம்மா வழியாகச் சித்திக்கு)

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகம்தானே? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

பள்ளி திறந்துவிட்டது. புது வகுப்பு மாடியில். எனக்குச் சன்னலோர இடம் கிடைத்திருக்கிறது. நிறையக் கற்றுக்கொள்கிறேன். அம்மா வழக்கம்போல் சலவைக்கூடத்துக்குப் போய் வருகிறார். கால் வலி இப்போது பரவாயில்லை.

உங்கள் மன்றக் கூட்டத்தைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சுண்டெலி

---

ஜூலை 2

என் சுண்டெலிக்கு,

சித்தியின் முத்தம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டைதான் கட்டிக்கொண்டது. கத்தியே பிழைக்கிறவளுக்கு வேறென்ன கட்டும்? போனில் கூப்பிடக் கூடாதா என்கிறாள் உன் அம்மா. போனை எடுத்தால் கவுன்சிலர் பேச ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தில்தான் நான் பேசுகிறேன்.

நீ சன்னலோரம் உட்கார்ந்து படிப்பதை நினைத்தாலே எனக்குப் பாதி அலுப்பு போய்விடுகிறது.

மன்றத்தில் புதுச் சண்டை ஒன்று தொடங்கியிருக்கிறேன். கடைகளில் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் உட்கார இடம் தர வேண்டும், தராத கடைக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. இதுதான் தீர்மானம். எதிர்வரிசை எழுந்தது. "நாற்காலிக்கு ஆசைப்பட்டு வந்தவங்க, இப்ப ஊருக்கே நாற்காலி கேக்கறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். "உங்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போச்சு. நிக்கறவங்க வலி எப்படித் தெரியும்?" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் வேறு பக்கம் இருந்து.

இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை ஜெயித்தவள் நான். சந்தையில் பெண்களுக்குக் கழிவறை கட்ட வைத்ததற்கு 'கக்கூஸ் கவுன்சிலர்' என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும், இன்றைக்கு அவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கேதான் போகிறார்கள். இந்தத் தீர்மானம் அப்படி இல்லை. இது என் சொந்த விஷயம். உன் அம்மா இஸ்திரி மேசைக்கு முன் பகலெல்லாம் நின்று என்னைப் படிக்க வைத்தாள். நான் பாடம் படிக்கும்போது அவள் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எதிரே இருப்பாள். சலவைத் தொழிலாளர் சங்கத்தில் நான் பேசிய முதல் பேச்சே அந்தக் காலைப் பற்றித்தான்.

அவள் நின்றது நான் படிக்க. நான் கத்துவது நீ படிக்க. மார்க்கை எழுது.

சித்தி

---

ஜூலை 15

கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். சித்தி கடிதம் இதில் இருக்கிறது. நீ போட்டது இங்கே வந்து, அங்கே போய், அது திரும்பி இங்கே வந்து உன்னிடம் வருகிறது. நடந்து போனால்கூட சித்தி வீடு உனக்குப் பக்கம்.

மார்க் கேட்கிறாள். என்ன எழுதுவாய் என்று தெரியவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால்தான் உன்னைச் சொல்ல வைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கால் பரவாயில்லை. கால் பற்றி ரொம்பக் கேட்காதே.

அம்மா

---

ஆகஸ்ட் 10
(அம்மா வழியாகச் சித்திக்கு)

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் தொண்டை சரியாகிவிட்டதா? வெந்நீர் குடியுங்கள். இங்கே எல்லாரும் நலம். மார்க் சுமார்தான்.

உங்கள் தீர்மானத்தைப் பற்றி வகுப்பில் பேசினோம். என் தோழியின் அக்கா உங்கள் ஊரில், மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் மூன்று மாடித் துணிக்கடையில் வேலை செய்கிறாராம். மதியத்துக்கு மேல் கால் தன்னுடையது போலவே இருக்காதாம். ஒரு காலை மடக்கி மறுகாலில் நிற்பார்களாம், கொக்கு மாதிரி. மேற்பார்வையாளர் வருகிற சத்தம் கேட்டால் கொக்கெல்லாம் மனிதர் ஆகிவிடுமாம். ஒரு ஸ்டூல் இருக்கிறதாம், ஏறி நிற்க மட்டும். ஒரு பெண் மயங்கி விழுந்தபோது, விழுந்த இடத்திலாவது கொஞ்ச நேரம் உட்கார விட்டார்களே என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டார்களாம்.

உங்களுக்கு உதவும் என்று எழுதினேன். நீங்கள் ஜெயிக்க வேண்டும் சித்தி.

உங்கள் சுண்டெலி

---

செப்டம்பர் 1

சுண்டெலிக்கு,

நலமா? நான் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கொக்கை மறக்க முடியவில்லை. யாரடி உனக்கு இப்படி எழுதச் சொல்லித் தந்தது? நீ பேச மாட்டாய் என்று உன் ஆசிரியர்கள் குறை சொல்வார்களே, அவர்களிடம் இதைக் காட்டு.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்கே போகிறேன். உரிமம் பார்க்கிற அதிகாரி வருகிறார், பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். ஒரே ஒரு பெண் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும், தீர்மானம் நிறைவேறிவிடும். உன் தோழியின் அக்கா எந்தப் பிரிவில் நிற்கிறாள்? பெயர் வேண்டாம், பிரிவை மட்டும் உடனே எழுது. நேராக அங்கே போகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

சித்தி

---

செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ அனுப்பிய சித்தியின் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. அதில் இந்தக் கடைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். வந்து போய்விட்டார்.

என்னைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மெலிந்திருக்கிறார். முன்நெற்றியில் நரை வந்திருக்கிறது.

கழுகு எனக்கு ஒரு நாள் விடுப்பு தந்தார். ஏன் என்று கேட்காதே. அந்த நாள் முழுவதும் படுத்தே இருந்தேன். காய்ச்சல் இல்லை.

இனிமேல் சித்திக்குக் கடிதம் வைக்க மாட்டேன். அவரும் எழுத மாட்டார் என்று நினைக்கிறேன்.

உன் மகள்

---

அக்டோபர் 8

கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருந்தது. உன்னைப் பார்த்தும் அவள் ஏன் எனக்கு எழுதவில்லை? கோபமா?

பக்கத்து வீட்டு அக்கா பழைய செய்தித்தாள் கொண்டுவந்து காட்டினார். சித்தியின் தீர்மானம் தோற்றுவிட்டதாம். 'கவுன்சிலர் நேரில் கேட்டபோது, தினமும் உட்காருகிறோம் என்று கடையின் பெண் ஊழியரே சொன்னார்' என்று போட்டிருக்கிறது. மன்றத்தில் அதைப் படித்துக்காட்டிச் சிரித்தார்களாம். சித்தி பதில் பேசாமல் நின்றாளாம். அவள் பதில் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண் யார்? உனக்குத் தெரிந்தவளா? வயிற்றுக்காகச் சொல்லியிருப்பாள், திட்டக் கூடாதுதான். ஆனாலும் என் வயிறு எரிகிறது. அவள் அம்மா இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்?

பதில் போடு.

அம்மா

---

நவம்பர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் அக்டோபர் கடிதத்துக்கும் அதற்குப் பிறகு வந்ததற்கும் நான் பதில் போடவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா என்ன நினைப்பாள் என்று கேட்டிருந்தாய். நீதான் சொல்ல வேண்டும் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாம் மாடியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல்களை இறக்கினார்கள். விற்பனைக்கு வைத்திருந்தவை. ஆளுக்கொன்று போட்டு உட்காரச் சொன்னார்கள். கழுகு என்னிடம் வந்து, "நீ சாதுவான பொண்ணு. உன்னைக் கேட்டா என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?" என்றார். தலையாட்டினேன். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

படியேறி வந்தது சித்தி. பின்னால் கேமராவோடு ஆட்கள். எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தவர் என் எதிரில் நின்றுவிட்டார். என் சீருடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் உதடு என் பெயருக்குக் குவிந்தது அம்மா, சத்தம் வரவில்லை. பிறகு மேடைக் குரலில் கேட்டார்.

"இங்க உங்களை உட்கார விடறாங்களாம்மா?"

கழுகு என் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. உன் மருந்துச் செலவு ஞாபகம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள், அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

"விடறாங்க மேடம்."

"தினமுமா?"

"தினமும், மேடம்."

சித்தியை மேடம் என்றேன். என் ஸ்டூலின் காலில் விலை ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சித்தியின் கண் அதில் போய் நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது. கேமராக்காரர், "மேடம், அந்தப் பொண்ணுகூட ஒரு படம்" என்றார். "வேணாம், வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே ஸ்டூல்கள் மேலே போய்விட்டன. என்னுடையது மட்டும் ஆடுகிறது, விற்காது என்று இங்கேயே விட்டுவிட்டார்கள். பழையதற்குப் பதிலாக இப்போது அதில்தான் ஏறித் துணி எடுக்கிறோம். சீட்டு இன்னும் இருக்கிறது.

சிரிப்பு என்னிடம் பேசுவதில்லை. சிரிப்பதும் இல்லை. விடுதிச் சன்னலை நான் திறப்பதில்லை.

உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், கோபித்துக்கொள். ஆனால் கடிதம் போடு.

உன் மகள்

---

டிசம்பர் 12
(நேராக விடுதி முகவரிக்கு)

என் சுண்டெலிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. நலமா?

ஊருக்குப் போய் வந்தேன். உன் அம்மா கதவைத் திறக்க எழுந்து வர வெகு நேரம் ஆயிற்று. காலைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். மருத்துவரிடம் கூட்டிப் போனேன், இப்போது ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கிறாள். இனி அது என் பொறுப்பு. உன் கடிதத்தை அவள் என்னிடம் காட்டினாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "என் பொண்ணுக்குப் பொய் சொல்லப் பழக்கினவ நான்தான்" என்று சொல்லி அழுதாள்.

உன் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். உன்னைக் காப்பாற்ற நான் அந்தப் படத்தை மறுக்கவில்லை.

உனக்கும் எனக்கும் ஒரே மூக்கு. பக்கத்தில் நின்றால் குருடனுக்கும் தெரியும். சுவரெல்லாம் பள்ளி, பள்ளி என்று ஒட்டியவளின் அக்கா மகள் துணிக்கடையில் நிற்கிறாள் என்று மறுநாள் பத்திரிகையில் வரும். உன்னைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அந்தப் பயம்தான். 'ஐயோ என் பிள்ளை' என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. நீ 'தினமும், மேடம்' என்றபோது, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்தச் சீட்டை எடுத்து அதிகாரியிடம் காட்ட எனக்கு ஒரு கை போதும். அந்தக் கை வரவில்லை. மன்றத்தில் அவர்கள் சிரித்தபோதும் அதனால்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ பொய் சொன்னாய். நான் அந்தப் பொய்க்குள் ஒளிந்துகொண்டேன். நீ சின்னப் பெண். எனக்கு என்ன சாக்கு?

வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவருகிறேன். சீட்டைப் பார்த்தும் பேசாமல் வந்தேன் என்று சொல்லப்போகிறேன். ஏன் பேசாமல் வந்தீர்கள் என்று கேட்பார்கள். நீ யார் என்று சொன்னால்தான் அதற்குப் பதில். சொன்னால் உன் வேலை போகும், அடுத்த தேர்தலில் என் பதவியும் போகலாம். என் பதவி என் பாடு. உன் பெயரை உன்னைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னால் அன்றைக்கும் பதில் இல்லாமல் நிற்பேன். அதனால் உன் அம்மாவின் வைத்தியமும் நிற்காது, என் வீட்டுக் கதவும் மூடாது. இதைப் பேரமாகச் சொல்லவில்லை.

'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ ஏதாவது ஒரு சொல் எழுது.

சித்தி

---

டிசம்பர் 15

அன்புள்ள சித்திக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்களுக்கு நான் எழுதியதில் உண்மையான முதல் வரி இதுவாகத்தான் இருக்கும். அதுவும் எவ்வளவு நேரத்துக்கு உண்மை என்று தெரியாது.

சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் என் அக்கா மகள், பள்ளியை விட்டுவிட்டாள், உட்கார விடுகிறார்கள் என்று பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள். உங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இன்று காலை சன்னலைத் திறந்தேன். உங்கள் இன்னொரு கன்னமும் உரிந்துவிட்டது. அப்படியும் நீங்கள் என்று தெரிகிறது, மூக்கு இருக்கிறதே.

இதை நான் விடுதியில் எழுதவில்லை. கடையில், என் பிரிவில், ஆடுகிற அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். துணி சுற்றுகிற அட்டை மடியில் இருக்கிறது. கோணல் எழுத்துக்கு மன்னியுங்கள். மதிய நேரம், வாடிக்கையாளர் யாரும் இல்லை.

கழுகு பார்த்துவிட்டார்.

"எழுந்திரும்மா."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"காது கேக்கலையா?"

"கேக்குது சார்."

இவ்வளவுதான் சொன்னேன். இதற்கு மேல் எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். அவர் இப்போது முதலாளியை அழைத்து வரக் கீழே போயிருக்கிறார்.

மற்றவர்கள் யாரும் உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை, அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது. சிரிப்பு மட்டும் மேல் தட்டிலிருந்து ஒரு விரிப்பு எடுக்க வந்தாள். என்னிடம் ஸ்டூலைக் கேட்கவில்லை. எம்பி எம்பிக் குதித்து எடுத்துக்கொண்டு போனாள்.

படியில் சத்தம் கேட்கிறது. கால் நடுங்குகிறது சித்தி. உட்கார்ந்திருந்தாலும் கால் நடுங்கும் என்று இன்றுதான் தெரிந்தது. இதை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். தபால் பெட்டி உங்கள் போஸ்டருக்குக் கீழேதான் இருக்கிறது, வெளியே போகும்போது நானே போடுவேன்.

அம்மாவின் காலுக்குத் தலையணை வைக்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை வெந்நீர் குடித்துவிட்டுப் பேசுங்கள், தொண்டை கட்டிக்கொள்ளப் போகிறது.

வந்துவிட்டார்கள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்